கிண்ணம் வேண்டாம், பக்கத்துச் சீட்டில் பயிற்சியாளர் வேண்டும்: நமது கார் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயற்குழுவினருக்கும், ட்ராக் (பந்தயத் தடம்) வார இறுதிக்குப் பெயர் கொடுத்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பயணத்துக்கான அறிவித்தல் கிடைத்தது. சனிக்கிழமை விடிவதற்கு முன் காலி முகத்திடலில் கூடுவது, வரிசையாகப் போவது, இரவு பக்கத்திலேயே தங்குவது, ஞாயிறு பின்னேரம் திரும்புவது எல்லாம் வழமைபோல்தான். புதிதாகச் சேர்ந்திருப்பவை மூன்று. ஒவ்வொருவரும் ஒரு சுற்றை எத்தனை செக்கனில் முடித்தார் என்று பதியப் போகிறீர்கள். மிக வேகமான சுற்றுக்குக் கிண்ணம் கொடுக்கப் போகிறீர்கள். குடும்பத்தார் நின்று பார்க்கவும் படம் எடுக்கவும், நீண்ட நேர்ப்பாதை முடிந்து வரும் வளைவின் வெளிப்பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

இந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். செயற்குழுவில் வந்து பேசியிருக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். நாலைந்து பேர் கைதூக்கி முடிக்கிற விடயமாக இது எனக்குப் படவில்லை. காரைக் கொண்டு வருபவர், பக்கத்தில் உட்காருபவர், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்க நிற்பவர் என்று எல்லோரும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டியது இது. ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இந்தப் பயணம் நடக்க வேண்டும், வருடா வருடம் நடக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. நமது கழகம் செய்கிற காரியங்களில் உயிரைக் காப்பாற்றக்கூடியது இது ஒன்றுதான். வீதி விபத்துகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிற நாடு இது. வெள்ளவத்தையில் காலி வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது ஓட்டோ ஒன்று சிக்னலும் போடாமல் குறுக்கே திரும்பினால் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். நம்மில் பலர் பாதிதான் மிதிக்கிறோம். காலடியில் பெடல் படபடவென்று அதிரத் தொடங்கியதும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறோம். அந்த அதிர்வு ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். காலை எடுக்காமல் மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பும், சக்கரம் பூட்டிக்கொள்ளாது. இதை வாயால் எத்தனை தரம் சொன்னாலும் காலுக்கு விளங்காது. ஆளில்லாத அகலமான தார்ப்பரப்பில் 60இல் வந்து, கூம்பு வைத்த இடத்தில் முழுப் பலத்தோடு மிதித்துப் பார்த்தால் இரண்டாம் தரமே விளங்கிவிடும். இதற்குக் கொழும்பில் இடம் ஏது? ட்ராக்கில்தான் இருக்கிறது.

வேகமாக ஓட்டுகிற ஆசையையும் நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசை இல்லாதவர் நமது கழகத்துக்கு வந்திருக்கவே மாட்டார். கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைப் பார்த்த மூத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் 160இல் போய்ப் பார்க்கிற பொடியன்களுக்கு ‘வேண்டாம் தம்பி, ட்ராக்குக்கு வா, அங்கே ஓட்டு’ என்று சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்கினோம். அந்த நல்ல நோக்கத்தைத்தான் நேரக் கணக்கு கெடுக்கப் போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். இதுவரை நாம் வைத்திருந்த ஒழுங்கு, உலகம் முழுக்கக் கார் கழகங்கள் தமது பயிற்சி நாட்களுக்கு வைத்திருக்கும் ஒழுங்குதான். புதியவர், ஓரளவு பழகியவர், நன்கு பழகியவர் என்று மூன்று குழு. ஒரு குழு 20 நிமிடம் ஓடும், மற்றக் குழுக்கள் வெளியே நிற்கும். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ‘இந்தப் பக்கமாகப் போ’ என்று காட்டிய பிறகுதான். வளைவுக்குள் முந்துவது கிடையாது. கடைசிச் சுற்றை ஆறுதலாக ஓட்டி பிரேக்கை ஆறவிட்டு வெளியே வர வேண்டும்.

இதற்குள் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து வையுங்கள். முன்னால் போகிறவர் கைகாட்டுகிற வரை பின்னால் காத்திருப்பது, அதுவரை ஒரு மரியாதை, இப்போது இரண்டு செக்கன் நட்டம் ஆகிவிடும். வழிவிடுகிறவருக்கும் அதே கணக்குத்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அவருடைய சுற்றும் கெடும், ஆகவே கை வெளியே வராது. காத்திருந்து பொறுமை இழந்தவர் அடுத்த வளைவுக்குள் மூக்கை நுழைத்துப் பார்ப்பார். ஆறுதல் சுற்றில் ‘இன்னும் ஒரு முறை பார்ப்போம்’ என்று அழுத்துவார்கள், அந்த நேரத்தில் பிரேக் கொதித்துப் போயிருக்கும், டயர் சூடேறி வழுக்கத் தொடங்கியிருக்கும், ஓட்டுகிறவருக்கும் களைப்பு வந்திருக்கும். எல்லாவற்றையும் விட, பக்கத்தில் இருந்து பயிற்சியாளர் சொல்வது காதில் ஏறாது. ‘முன்கூட்டியே பிரேக் பிடி, பிறகு திரும்பு’ என்று அவர் சொல்வார். பிந்திப் பிடித்தால் அரைச் செக்கன் மிச்சம் என்று மனம் சொல்லும். புதியவர் யார் பேச்சைக் கேட்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அறிவித்தலில் ‘நட்பு ரீதியான’ நேரக் கணிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கிண்ணத்தை மேசையில் வைத்த பிறகு அந்தச் சொல்லுக்குப் பலம் இல்லை.

அடுத்தது காப்புறுதி. உங்கள் வாகனக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, எவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகப் பரீட்சை இரண்டையும் விலக்கி வைப்பது இந்தத் துறையில் பொது வழக்கம். பயிற்சி நாளுக்கே காப்புறுதி கிடைக்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறோம். நேரத்தைப் பதிந்து, கிண்ணம் கொடுத்து, அதை அறிவித்தலிலும் அச்சடித்துவிட்டால், ‘இது வேகப் பரீட்சை’ என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முன் வந்த கார்கள். ஒன்று நொறுங்கினால் அதே போல இன்னொன்றை வாங்குகிற நிலையில் எத்தனை பேர் இருக்கிறோம்? அந்த ஞாயிற்றுக்குப் பிறகு திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக வேண்டியதும் அதே கார்தான்.

கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1930களில் தொடங்கியது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு கார்தான் மேலே போகும். அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், கார் சோதனையில் தேற வேண்டும், பந்தயத்துக்குரிய பாதுகாப்பு உடையும் ஹெல்மெட்டும் வேண்டும், நேரம் எடுப்பவர்களுக்கும் அதுவே வேலை. அங்கே போய் ஓட விரும்பும் பிள்ளைகளுக்கு நமது கழகம் உதவட்டும், நானும் கூட நிற்பேன். பந்தயத்தை அதற்குரிய ஏற்பாடுகளோடு நடத்துவது ஒன்று. பயிற்சி நாளின் ஏற்பாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பந்தயம் ஓடவிடுவது வேறு.

இப்போது அந்த வளைவுக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட முடியாது.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு கார் தடத்தோரம் புரண்டு கிடந்தது. தடப் பணியாளர்கள் மற்றவர்களை எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வந்த இன்னொரு கார் தடத்தை விட்டு விலகி, பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளைக்கு 8 வயது. செத்தவர்களில் தடத்தில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அந்தக் காணொளி வந்த அன்று நமது அங்கத்தவர்கள் எத்தனை பேர் ஒருவரையொருவர் அழைத்துப் பேசினோம். ‘இனிமேல் இப்படி நடக்கவே கூடாது’ என்று அன்றைக்குச் சொன்னவர்கள்தான், இன்று வளைவின் வெளிப்பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வளைவில் பிடிமானம் விட்ட கார் எந்தப் பக்கம் போகும்? வெளிப்பக்கம்தான் போகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடும். நேர்ப்பாதை முடிவில் பிரேக் கைவிட்டால் அந்தக் கார் நேராகவே போகும், நேராகப் போனால் அது சேரும் இடம் நீங்கள் ஒதுக்கியிருக்கும் அந்தப் புல்வெளி. முதல் நாள் மழை பெய்திருந்தால், ஈரப்புல்லில் பிரேக் பிடித்தும் பெரிய பயன் இல்லை. கயிறு கட்டுவோம், கூம்பு வைப்போம் என்று சொல்லாதீர்கள். கயிறு மனிதரை நிறுத்தும், காரை நிறுத்தாது. படம் அழகாக வரும் இடம் அதுதான் என்று எனக்கும் தெரியும், காரின் முகம் முழுதாகத் தெரியும், டயர் மடிவது தெரியும். அந்தப் படம் நமக்கு வேண்டாம். குடும்பத்தார் கார்கள் நிறுத்தும் பக்கத்தில், கொங்கிரீட் தடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். அங்கிருந்து நேர்ப்பாதை தெரியும், அது போதும். படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் தடம் ஓய்ந்திருக்கும் மதிய வேளையில் கார்களை ஆறுதலாக ஓடவிட்டு எடுக்கலாம்.

கொடிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது, கட்டுப்பாட்டோடு வேகத்தைக் குறைத்து, சொல்லியிருக்கும் இடத்துக்கு வா. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தடத்தில் எண்ணெயோ தண்ணியோ இருக்கிறது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு. கறுப்பு என்றால் உன்னோடு பேச வேண்டும், உள்ளே வா. மஞ்சள் கொடியைக் கண்டும் ‘இந்தச் சுற்று நல்லாப் போகுதே’ என்று காலை எடுக்காமல் விடத் தூண்டுவது எது என்று யோசித்துப் பாருங்கள். நேரம் எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம்தானே?

இந்த விளக்கத்தைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சொல்லுங்கள் என்று முன்பும் கேட்டிருக்கிறேன், இம்முறையும் கேட்கிறேன். காலையில் பத்து நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் உதவிக்கு வரும் கராஜ் பொடியன்களில் சிலருக்குத் தமிழ்தான் ஓடும். தடத்தோரம் நிற்கப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போய் நிற்கக் கூடாது.

கார் சோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிவித்தலில் அதற்கு ஒரு வரிதான் இருக்கிறது: ‘வாகனம் நல்ல நிலையில் இருக்க வேண்டும்’. கொழும்பில் நன்றாக ஓடுகிற கார் ட்ராக்கில் நன்றாக ஓடும் என்று நினைக்க வேண்டாம். முக்கியமானது பிரேக் எண்ணெய். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, நமது ஊரின் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. டொட் 3 என்ற வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அதற்கு எதிர்பார்க்கப்படுவது 140 பாகைதான். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. காலி வீதியில் 40இல் இருந்து நிறுத்தும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ட்ராக்கில் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி நாலு மடங்காகும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி வரும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஆகவே பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

சோதனையின்போது பொனட்டைத் திறந்து அந்தச் சின்ன வெள்ளைக் குடுவையைப் பார்ப்பேன். புதிய எண்ணெய் இளமஞ்சளாகத் தெளிந்திருக்கும். சில கார்களில் அது பிளேன்டீ நிறத்தில் இருக்கிறது. ‘கடைசியாக எப்போது மாற்றினீர்கள்’ என்று கேட்டால், வாங்கியதிலிருந்து அப்படியேதான் என்பார்கள். எண்ணெய் பெரிய செலவில்லை. பஞ்சிகாவத்தையில் நல்ல டொட் 4 போத்தல் ஒன்றை மூடி திறக்காமல் வாங்கி, உங்கள் கராஜ் பாஸிடம் கொடுத்து, நாலு சக்கரத்திலும் பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எடுத்து எண்ணெயை மாற்றச் சொல்லுங்கள். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள், முதல் நாள் இரவு ஓடாதீர்கள்.

டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டை ஆழமாகத்தானே இருக்கிறது என்று பத்து வருடப் பழைய டயரோடு வராதீர்கள், ரப்பர் இறுகிப் போயிருக்கும். ட்ராக்கில் டயர் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறும், அதனால் இடையில் கொஞ்சம் காற்றை இறக்குவோம். அப்படி இறக்கியதை வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப அடிக்க மறக்கக் கூடாது, ஏனென்றால் அதே டயரில்தான் நெடுஞ்சாலையில் வரப் போகிறோம். வீல் நட் எல்லாவற்றையும் அளவுக் கருவி வைத்து இறுக்குவோம், முதல் ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்போம். உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், கொதிக்கிற டிஸ்கோடு பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

காருக்குள் கழன்று ஓடக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. தண்ணிப் போத்தல், குடை, கால்விரிப்பு, பூட்டில் இருக்கும் ஜாக் எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரையும் கண்ணாடியில் தொங்கும் செபமாலையையும் அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஜன்னல் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். செருப்பு வேண்டாம், கட்டிய சப்பாத்து. பருத்தி உடை.

அக்வா, ப்ரியஸ் போன்ற ஹைபிரிட் கார் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்சீட் பக்கம் பெட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கிறது, அதைப் பையால் மூடாதீர்கள். ஹைபிரிட் என்று கதவில் பெரிதாக ஒட்டி வாருங்கள். ஏதாவது நடந்தால் உதவிக்கு ஓடி வருகிறவர், செம்மஞ்சள் நிறத்தில் ஓடும் உயர் மின்னழுத்த வயரைத் தொடக் கூடாது என்பதை ஓடி வரும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் பற்றி அறிவித்தலில் ஒன்றும் இல்லை. அவசரம் என்றால் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சுவசெரிய நல்ல சேவை, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது ஊருக்கான சேவை, நாம் விரும்பி ஏற்படுத்திக்கொள்ளும் ஆபத்துக்காக அதை நம்பி இருப்பது சரியில்லை. முதல் கார் தடத்தில் இறங்கும் முன் ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே நிற்க வேண்டும். அது யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால், திரும்பி வரும் வரை எல்லா ஓட்டமும் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எந்தப் பாதை கிட்ட என்று சனிக்கிழமையே ஒருவர் ஓடிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். தீயணைப்புச் சிலிண்டர் அலுவலக அறையில் இருந்து பயனில்லை, ஒவ்வொரு கொடிக்காரர் காலடியிலும் இருக்க வேண்டும்.

கிண்ணத்துக்கு அனுசரணை தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது என்கிறீர்கள். நல்ல மனம், நன்றி சொல்ல வேண்டியதுதான். அவர்களிடமே போய், அந்தப் பணத்தை ஆம்புலன்ஸுக்கும் பயிற்சியாளர்களுக்கும் கொடுக்கும்படி கேளுங்கள். அவர்கள் பெயரை ஆம்புலன்ஸ் பக்கத்தில் பெரிதாகவே கட்டுவோம்.

ஏனென்றால் எனக்கு உண்மையில் வேண்டியது பயிற்சியாளர்தான். புதிய குழுவில் ஒவ்வொரு காரிலும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், ஹெல்மெட்டோடு, கடைசி வரை. இம்முறை ‘பயிற்சியாளர் விருப்பத் தெரிவு’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆட்கள் போதவில்லை என்பது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் புதியவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சனிக்கிழமையும் மறு பாதியை ஞாயிறும் ஓட விடுங்கள்.

சென்ற முறை வத்தளையிலிருந்து ஒரு தங்கச்சி அப்பாவின் சுவிஃப்டைக் கொண்டு வந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்ததில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினார். கண் பொனட்டுக்கு முன்னால் பத்து மீட்டருக்குள்ளேயே நின்றது, அடுத்த கூம்பு அடுத்த கூம்பு என்று. அதனால் வளைவு ஒவ்வொன்றும் அவருக்குத் திடீரென்று வந்தது, ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்பினார், கார் ஆடியது. நான் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘கிட்டப் பார்க்காதீங்கம்மா, வளைவு முடியிற இடத்தில அந்த வெள்ளைத் தூண் தெரியுதா, அதைப் பாருங்க’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் தலை திரும்பியது, பிறகு கை தளர்ந்தது. சில சுற்றில் கார் ஒரே வளைவாக வழுவழுவென்று போகத் தொடங்கியது, அவரும் பேசத் தொடங்கிவிட்டார். வெளியே வந்ததும் அப்பாவிடம், ‘கொழும்பிலயும் நான் கிட்டத்தான் பார்த்து ஓட்டுறன் போல’ என்றார்.

அன்றைக்கு அவருடைய நேரத்தை எடுத்திருந்தால் கடைசியில் வந்திருப்பார், வெட்கப்பட்டுப் போயிருப்பார், அடுத்த முறை வந்திருக்கவும் மாட்டார். இம்முறை அவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நாம் பணம் சேர்த்து, தடத்தை வாடகைக்கு எடுத்து, விடிய முன் எழும்பிப் போகிறோம். பெண்கள், வயதானவர்கள், சின்னக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கிண்ணத்தால் தாமாகவே ஒதுங்கிப் போவார்கள். கடைசியில் பெரிய டர்போ வைத்த ஐந்தாறு பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் அந்தப் புல்வெளியில் நின்று பார்ப்பார்கள். அப்படி ஒரு கழகத்தை நாம் தொடங்கவில்லை.

போக்குவரத்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெற்கு நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 100, அதில் பேச்சுக்கு இடமில்லை. கொட்டாவையில் ஏறும்போது ஐந்து ஐந்து காராகப் பிரிந்து போவோம், ஒருவரையொருவர் முந்தி விளையாட வேண்டாம், நடுவில் வேறு வாகனம் வந்தால் வரட்டும். போகும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் போகிறார்கள். திரும்பி வரும்போதுதான் ஆபத்து. இரண்டு நாள் வெயில், களைப்பு, கால் இன்னும் ட்ராக்கிலேயே இருக்கும். ஆகவே கடைசி ஓட்டத்துக்கும் புறப்படுவதற்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலம் இடைவெளி வையுங்கள், எல்லோரும் சாப்பிட்டு, தண்ணி குடித்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டுக் கிளம்பட்டும். நெடுஞ்சாலையில் வைத்து வேக விளையாட்டுக் காட்டுகிறவரை அடுத்த பயணத்துக்குச் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தலிலேயே எழுதுங்கள். யாருடைய பிள்ளையாக இருந்தாலும் சரி.

செயற்குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல், தங்கள் நேரத்தைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. தடத்துக்கு அனுமதி வாங்க எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினீர்கள் என்று தெரியும். கூட்டம் சேர வேண்டும், இளம் ஆட்கள் வர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கிண்ணத்தைச் சேர்த்திருப்பீர்கள். அந்த எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதில் விட்டுக்கொடுக்கவும் என்னால் முடியாது. கடிகாரமும் அந்த வளைவும் அறிவித்தலில் இருக்கும் வரை நான் எந்தக் காரின் சோதனைத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன், பயிற்சியாளராகவும் உட்கார மாட்டேன். என்னோடு சேர்ந்து சோதனை செய்கிற மற்ற இருவரும் இதையே சொல்கிறார்கள்.

அவற்றை எடுத்துவிட்டால் முழு வேலைக்கும் நாங்கள் நிற்போம். பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து, வழமையாகக் கூடும் வாகனத் தரிப்பிடத்தில் இருப்போம். பெயர் கொடுத்தவர்கள் காரைக் கொண்டு வாருங்கள், பிரேக் எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டையும் கொண்டு வாருங்கள். வீல் நட் பார்க்கிற கருவி எங்களிடம் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் இரவல் ஒழுங்கு செய்யலாம். செயற்குழுவின் பதிலை அதற்கு முன் எல்லா அங்கத்தவர்களுக்கும் எழுத்தில் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
வாகனச் சோதனைப் பொறுப்பில் இருக்கும் அங்கத்தவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6